நிறம், இனம், பாகுபாடு: சிறு குழந்தைகளிடம் பேசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழலையர் வகுப்புகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். பெற்றோர் சந்திப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கதவருகே தயங்கி நின்று, தாழ்ந்த குரலில் ஓரிருவர் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஆண்டுதோறும் முகங்கள் மாறின; கேள்விகள் மாறவில்லை. அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியவை இந்தப் பதில்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் பின்னால் வரும் பலவும் 2, 3 ஆகிய பதில்களைச் சார்ந்தவை என்பதால் அவற்றை மட்டும் முதலில் படித்துவிடுவது நல்லது.

1. என் மகளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது. இதெல்லாம் இப்போதே பேச வேண்டிய விஷயமா?

ஆம், ஏனென்றால் அவள் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கிறாள். பிறந்த குழந்தை எல்லா முகங்களையும் ஒரே ஆர்வத்துடன் பார்க்கிறது. ஒரே வகை முகங்களுக்கு நடுவே வளரும் குழந்தை, மூன்று மாதம் ஆவதற்குள் அத்தகைய முகங்களையே கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல வகை முகங்களை நாள்தோறும் காணும் கைக்குழந்தைகளிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை. எனவே இது வெறுப்பன்று, கண் பழக்கம். மூன்று, நான்கு வயதில் குழந்தைகள் படங்களையும் பொம்மைகளையும் தோல் நிறத்தைக் கொண்டு பிரித்து அடுக்குகிறார்கள். ஐந்து வயதை நெருங்கும்போது, பெரியவர்கள் எந்த நிறத்தை மேலே வைத்திருக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

இப்போதே பேசுவது என்றால் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது என்று பொருளில்லை. இந்த வயதில் ஒரு பேச்சு அரை நிமிடம் நீடித்தால் அதிகம். குளிப்பாட்டும்போதும் படம் பார்க்கும்போதும் தெருவில் நடக்கும்போதும் வரும் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது, அவ்வளவுதான்.

2. நாமாக எடுத்துச் சொன்னால்தானே வேறுபாடே தெரியும்? பேசாமல் விட்டால் கள்ளமில்லாமல் வளர்ந்துவிட மாட்டானா?

மிகப் பலர் கேட்கும் கேள்வி இது. மழலையர் வகுப்புகளில் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இரண்டு நிறங்களில் சட்டைகள் கொடுத்து மூன்று வாரம் அணியச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சில வகுப்புகளில் ஆசிரியர்கள் சட்டை நிறத்தைச் சொல்லியே குழந்தைகளை அழைத்தார்கள், வரிசையில் நிறுத்தினார்கள். மற்ற வகுப்புகளில் சட்டைகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, யாரும் எதுவும் சொல்லாத வகுப்புகளிலும் தன் சட்டைக்காரர்களே உயர்ந்தவர்கள் என்ற எண்ணம் குழந்தைகளிடம் வளர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டிற்கு யாரும் விளக்கம் தராவிட்டால், குழந்தை தானே ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அது பெரும்பாலும் நாம் விரும்பும் விளக்கமாக இருப்பதில்லை.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. நிறம் சொல்லி அழைத்த வகுப்புகளில் அந்த எண்ணம் சில அளவீடுகளில் இன்னும் வலுவாக இருந்தது. ஆகவே பேசினால் மட்டும் போதாது, பேசும் விதமும் முக்கியம். “அவர்கள் எல்லாம் நன்றாக ஓடுவார்கள்”, “அந்த ஆட்கள் கணக்கில் கெட்டி” என்பவை புகழ்ச்சியாகத் தோன்றினாலும், ஒரு கூட்டத்தையே ஓர் ஆளாக்கிவிடும் வாக்கியங்கள். ஒருவர் நன்றாக ஓடினால் அவர் பெயரைச் சொல்லி, அவர் நன்றாக ஓடுகிறார் என்று சொன்னால் போதும்.

வேறுபாட்டைப் பார்ப்பது ஒன்று. வேறுபாட்டை மேல், கீழ் என்று அடுக்குவது இன்னொன்று. முதலாவதைத் தடுக்கவும் முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: குழந்தை ஒருவரின் நிறத்தை வாய்விட்டுச் சொன்னால் பதறி வாயைப் பொத்துகிறோம், உறவினர் ஒருவர் நிறத்தை வைத்துத் தரம் பிரித்தால் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். குழந்தை இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

3. “அந்த அக்கா ஏன் வேறு நிறம்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்வதே எளிது. நம் எல்லோருடைய தோலுக்குள்ளும் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. அது கூடுதலாக இருந்தால் தோல் கருமையாகவும், குறைவாக இருந்தால் வெளிறியும் தெரியும். நம் அப்பா அம்மாவிடமிருந்தும் அவர்களுடைய அப்பா அம்மாவிடமிருந்தும் அது நமக்கு வருகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு இது போதும். “அந்த அக்காவுக்கு அவருடைய அம்மாவிடமிருந்து வந்த நிறம், உனக்கு என்னிடமிருந்து வந்த நிறம்” என்று முடிக்கலாம்.

சற்றுப் பெரிய குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம். நிறமியை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு நிறமியை, எந்த வகை நிறமியைச் செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. கடும் வெயில் உள்ள பகுதிகளில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்குக் கருமையான தோல் புற ஊதாக் கதிர்களிலிருந்து ஒரு குடைபோலக் காப்பு அளித்தது. வெயில் குறைந்த பகுதிகளில், கிடைக்கும் சிறிதளவு ஒளியைக் கொண்டே உடல் வைட்டமின் டி தயாரிக்க வெளிறிய தோல் உதவியது. இரண்டுமே உடல் செய்துகொண்ட நல்ல ஏற்பாடுகள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மிகச் சிறு குழந்தைகள் தோல் நிறம் நிலையானது என்பதை அறிய மாட்டார்கள். தேய்த்துக் கழுவினால் போய்விடும், வளர்ந்தால் மாறிவிடும், அது அழுக்கு என்றெல்லாம் நினைப்பார்கள். உங்கள் மகன் ஒருவரின் கையைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை; “இது அழுக்கன்று, அவருடைய தோல். உன் தோல் கழுவினால் போய்விடுகிறதா? அதுபோலத்தான் அவருடையதும்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

4. சரி, இனம் என்றால் என்ன? எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் குழப்பத்தில் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது. பறவை இனம், மீன் இனம் என்கிறோம். அதே சொல்லால் மனிதக் கூட்டங்களையும் குறிக்கிறோம். இனம் இனத்தோடு சேரும் என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். கேட்கும் குழந்தை, பூனையும் நாயும் போல மனிதர்களிலும் வெவ்வேறு வகைகள் உண்டு என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. எனவே முதலில் சொல்ல வேண்டியது: மனிதர் அனைவரும் ஒரே உயிரினம். எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் அவர்களுடைய மரபணு வரிசை ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றுதான். எஞ்சியுள்ள வேறுபாட்டிலும், மரபியலாளர் ரிச்சர்டு லெவோன்டின் 1972-இல் காட்டியபடி, ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்திற்கும் கூட்டத்திற்கும் இடையே இருப்பது சிறு பகுதிதான்.

அப்படியானால் இனம் என்பது வெறும் பொய்யா என்று அடுத்த கேள்வி வரும். உடலில் தெளிவான கோடு எதுவும் இல்லை. ஆனால் மனிதர்கள் கோடு போட்டார்கள், அந்தக் கோட்டைக் கொண்டு சட்டம் செய்தார்கள், அதனால் பலருடைய வாழ்க்கை மாறியது. தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் பதிவு செய்தது. ஐயம் வந்தால் தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்தும் முடிவு செய்தார்கள். ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் வெவ்வேறு இனமாகப் பதிவானதும் உண்டு. ஆறு, ஏழு வயதுக் குழந்தையிடம் இந்தப் பென்சில் கதையைச் சொல்லிப் பாருங்கள். அது முட்டாள்தனம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

5. எங்கள் வீட்டில் நாங்கள் நிறமே பார்ப்பதில்லை. எல்லோரும் சமம் என்று சொல்லி வளர்த்தால் போதாதா?

எண்ணம் நல்லது, ஆனால் நிறத்தைப் பார்ப்பதில்லை என்பது குழந்தைக்குப் புரியாத வாக்கியம், ஏனெனில் அவள் பார்க்கிறாள். மேலும், எல்லோரும் சமம் என்பதை இருக்கும் நிலையாகச் சொன்னால், ஒருவர் நடத்தப்படும் விதம் சமமாக இல்லாததைக் குழந்தை காணும்போது, அவரிடம்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டிவிடும். “எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும், சிலர் அப்படி நடத்துவதில்லை, அது தவறு” என்று மூன்று துண்டாகச் சொல்லுங்கள். நடுத்துண்டை விட்டுவிடும் பழக்கம்தான் நம்மிடம் இருக்கிறது.

6. பேருந்தில் எல்லோர் முன்னும், “அப்பா, அவர் ஏன் இவ்வளவு கறுப்பு?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இது எல்லோருக்கும் நடக்கிறது. உங்கள் மகன் ஏசவில்லை, கேட்டான். நீங்கள் அதட்டினால் அவன் கற்பது, கறுப்பு என்பது சொல்லக் கூடாத ஒன்று, அதாவது கெட்டது என்பதைத்தான். வாயை மூடு என்று சொல்வதற்குப் பதிலாக, அவன் கேட்ட அதே அளவுக் குரலில், “ஆமாம், அவருடைய தோல் கருமை. மனிதர்கள் பல நிறங்களில் இருப்பார்கள். அழகான நிறம்” என்று சொல்லுங்கள். மெலனின் கதையை வீட்டுக்கு வந்து சொல்லலாம்.

அந்த மனிதரை மறந்துவிடக் கூடாது. அவர் உங்கள் மகனுக்குப் பாடம் நடத்த அங்கே வரவில்லை. “நீங்களே இவனுக்குச் சொல்லுங்கள்” என்று அவரை இழுக்க வேண்டாம். கண்ணைப் பார்த்து ஒரு புன்னகை, அல்லது “மன்னிக்கவும், இப்போதுதான் கேட்கக் கற்றிருக்கிறான்” என்று ஒரு வரி. அவர் பதிலுக்குச் சிரிக்காவிட்டால் அதுவும் அவர் உரிமை. அவருக்கு இது அன்றைக்கு மூன்றாவது முறையாக இருக்கக்கூடும்.

7. இனவெறி என்ற சொல்லைக் குழந்தையிடம் பயன்படுத்தலாமா? பயந்துவிடாதா?

பயன்படுத்தலாம், ஐந்து வயதுக்கு மேல். அந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு: வெறி என்றதும் கண் சிவக்கக் கத்தும் ஒருவரைத்தான் மனம் கற்பனை செய்கிறது. நடைமுறையில் பாகுபாடு பெரும்பாலும் அமைதியாக, மரியாதையான குரலில் நடக்கிறது: விளையாட்டில் சேர்க்காமல் விடுவது, பெயரைச் சரியாகச் சொல்லக் கற்காமலே இருப்பது, பொருள் காணாமல் போனால் ஒருவரின் பையை மட்டும் சோதிப்பது. அதனால் நான் முதலில் குழந்தைகளுக்கு நன்கு தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குவேன்: நியாயம். “ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், அவருடைய தோல் நிறத்தையோ அவருடைய குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதையோ வைத்து அவரை மோசமாக நடத்துவது நியாயமில்லை. அதற்கு ஒரு பெயர் உண்டு, இனவெறி.” நான்கு வயதுக் குழந்தைக்கு நியாயம் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை, அடுத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் வீட்டையே இரண்டாக்கும் வயது அது.

எடுத்துக்காட்டு வேண்டுமானால் அவர்கள் வயதிலேயே ஒருவர் இருக்கிறார். ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுச் சிறுமி 1960 நவம்பரில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த தொடக்கப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். வாசலில் பெரியவர்கள் கூடிக் கத்தினார்கள். அரசுக் காவலர்கள் துணையுடன்தான் அவளால் உள்ளே போக முடிந்தது. பல பெற்றோர்கள் தம் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். ஓர் ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் அவள் ஒருத்திக்கு மட்டும் பாடம் நடத்தினார். இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு குழந்தை என்னிடம் கேட்டது, “அப்படியானால் அவள் இடைவேளையில் யாரோடு விளையாடினாள்?” இனப்பிரிவினை பற்றி நான் சொல்ல நினைத்த அனைத்தையும் அந்தக் கேள்வியே சொல்லிவிட்டது.

8. பல நிறத்துப் பொம்மைகளும் கதைப் புத்தகங்களும் வாங்கி வைத்திருக்கிறேன். அது உதவுமா?

உதவும், ஆனால் அலமாரி பேசாது. கதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: கருமையான தோலுள்ள பாத்திரங்கள் எல்லாம் துன்பப்படுபவர்களாக மட்டும் வருகிறார்களா, அல்லது காணாமல் போன பூனையைத் தேடுபவர்களாகவும் வருகிறார்களா? இரண்டாவது வகைதான் கிடைப்பது அரிது, அதுதான் அதிகம் தேவை.

வண்ணப் பென்சில் பெட்டியையும் கவனியுங்கள். வெளிறிய இளஞ்சிவப்பைத் தோல் நிறம் என்று சொல்லும் பழக்கம் குழந்தைகளிடம் மட்டுமன்று, ஆசிரியர்களிடமும் உண்டு. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனமே சதை நிறம் என்ற பொருளில் தான் வைத்திருந்த பெயரை 1962-இல் மாற்றிவிட்டது. யாருடைய தோல் நிறம் என்று திருப்பிக் கேளுங்கள்; பிறகு கையைத் தாளின் மேல் வைத்து, தன் கைக்கு எது பொருந்துகிறது என்று குழந்தையையே தேடச் சொல்லுங்கள். ஒரு பென்சில் போதாது, இரண்டு மூன்றைக் கலக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

9. என் மகள் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே, “எனக்கு வெள்ளையாக வேண்டும்” என்கிறாள். நெஞ்சு உடைந்துவிட்டது. என்ன சொல்வது?

“நீதான் அழகு” என்று உடனே சொல்லத் தோன்றும். சொல்லுங்கள், ஆனால் அதை இரண்டாவதாகச் சொல்லுங்கள். முதலில் கேளுங்கள்: “ஏன் அப்படித் தோன்றுகிறது? யாராவது ஏதாவது சொன்னார்களா? எங்கே பார்த்தாய்?” பதிலைக் கேட்கும் முன்பே ஆறுதல் சொன்னால், சொல்ல வந்ததை அவள் விழுங்கிவிடுவாள்.

இது உங்கள் வளர்ப்பின் குறை என்று எண்ண வேண்டாம். அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினார்கள். விளையாட எது வேண்டும் என்று கேட்டதற்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசியாக, உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது. மூன்று வயதிலேயே காற்றில் கலந்து வரும் செய்தி இது. ஒரு தாய் தனியாக உண்டாக்கக்கூடியதன்று.

ஆனால் வீட்டில் புழங்கும் சொற்களை ஒருமுறை காது கொடுத்துக் கேட்க வேண்டும். “கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்” என்கிறோம். அந்த “ஆலும்” என்ற ஒட்டில்தான் முழுத் தீர்ப்பும் இருக்கிறது. கருமையான தோலை “நிறம் கம்மி” என்கிறோம். 3-ஆம் பதிலில் சொன்னபடி பார்த்தால் அந்தத் தோலில்தான் நிறமி கூடுதல். வெளிறிய தோலைச் சிவப்பு என்கிறோம். அது சிவப்பும் இல்லை. வெயிலில் விளையாடினால் கறுத்துவிடுவாய் என்று சொல்லித் தடுக்கிறோம், ஏதோ நோய் வந்துவிடும் என்பதுபோல. இவற்றில் எதையும் யாரும் தீய எண்ணத்துடன் சொல்வதில்லை என்பதால்தான் இவை எளிதாக உள்ளே போய்விடுகின்றன. மகளிடம் நாள்தோறும் அழகைப் பற்றிப் பேசுவதைவிட, இந்த நான்கு வாக்கியங்களை வீட்டிலிருந்து எடுத்துவிடுவது அதிகம் உதவும்.

10. எடுத்துவிடலாம்தான், ஆனால் அவற்றைச் சொல்வது என் பெரியம்மா. வயதானவரிடம் குழந்தை முன்னால் எப்படிச் சொல்வது?

அவரைத் திருத்துவது ஒரு வேலை. குழந்தைக்கு நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியச் செய்வது இன்னொரு வேலை. முதலாவது ஆண்டுகள் எடுக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டாவதை அந்த நொடியே செய்யலாம்: “பெரியம்மா, இவள் காதில் விழுகிறது, நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல வேண்டாமே.” மரியாதையும் குறையவில்லை, கருத்தும் மறையவில்லை. விளக்கமும் வாதமும் பிறகு தனியே இருக்கட்டும். “இந்தக் குழந்தை உங்கள் வாயிலிருந்து வரும் எதையும் நம்பும்” என்பது நான் கண்டவரையில் பெரியவர்களிடம் எடுபடும் காரணம்.

இரவில் குழந்தையிடம், “பெரிய பாட்டி சொன்னதை நான் ஏற்கவில்லை. அவர் சிறு வயதில் கேட்டதையே சொல்கிறார். அவரை நமக்குப் பிடிக்கும், அந்தப் பேச்சு பிடிக்காது” என்று சொல்லுங்கள். அன்பையும் மறுப்பையும் ஒரே ஆளிடம் வைக்க முடியும் என்பது குழந்தைக்குப் புதிய செய்தி. 15-ஆம் கேள்வியில் இது மீண்டும் வரும்.

11. பள்ளியில் ஒரு பையன் என் மகனின் தோல் நிறத்தைச் சொல்லி, “உன்னோடு விளையாட மாட்டோம்” என்றானாம். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் முழுவதையும் கேளுங்கள், உங்கள் கோபத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு. உங்கள் முகம் சிவப்பதைப் பார்த்தால், அடுத்த முறை உங்களைக் காக்க வேண்டி அவன் சொல்லாமல் விடுவான். பிறகு நான்கு செய்திகள் அவனுக்குப் போய்ச் சேர வேண்டும்: நீ சொன்னதை நான் நம்புகிறேன், அவன் செய்தது தவறு, உன்னிடம் எந்தத் தவறும் இல்லை, இதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம். “கண்டுகொள்ளாதே” என்று சொல்ல வேண்டாம். அது அவனுக்கு, எனக்கு இதில் உதவ விருப்பமில்லை என்றே கேட்கும். “அவன் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்” என்பதும் அப்படியே.

அன்றே நாள், இடம், சொன்ன சொல், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை எழுதி வைத்துவிட்டு ஆசிரியரைச் சந்தியுங்கள். பொதுவாகக் கேலி என்று சொன்னால், குழந்தைகளுக்கு இடையே நடப்பதுதானே என்ற பதில் வரும். நடந்ததை அதன் பெயராலேயே சொல்லுங்கள்: இது இனப்பாகுபாடு. தேவைப்பட்டால், 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு இனம், நிறம் முதலியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டை விலக்குகிறது என்பதைக் கடிதத்தில் குறிப்பிடலாம். என்ன செய்யப் போகிறார்கள், எப்போதுக்குள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மகனுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்து வீட்டில் நடித்துப் பார்க்கலாம்: “அப்படிச் சொல்வது தவறு. நான் போகிறேன்.” சொல்ல முடியாமல் அழுதுவிட்டாலும் அது தோல்வியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிலடி கொடுக்கும் கடமை குழந்தைக்கு இல்லை.

12. என் நிலை தலைகீழ். இன்னொரு குழந்தையை இனத்தைச் சொல்லி இழிவான வார்த்தையால் அழைத்ததே என் மகள்தான். வெட்கமாக இருக்கிறது.

முன்வந்து சொல்லும் பெற்றோர் குறைவு. வெட்கத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அதை மகளின் மேல் இறக்கினால் அவள் மறைக்கத்தான் கற்பாள். அவளை இனவெறி பிடித்தவள் என்று பெயரிட வேண்டாம். செய்த செயலுக்குப் பெயரிடுங்கள். எங்கே கேட்டாள், அதற்கு என்ன பொருள் என்று நினைத்தாள் என்று கேளுங்கள். ஐந்து வயதில் பாதி நேரம் பொருள் தெரியாது, அந்தச் சொல்லைச் சொன்னால் மற்றவர் முகம் மாறுகிறது என்பது மட்டும் தெரியும்.

பொருள் தெரியாது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. “அந்தச் சொல் நெடுங்காலமாக மனிதர்களைத் தாழ்த்தப் பயன்பட்டது. அதைக் கேட்டால் வலிக்கும்.” பிறகு, எப்படிச் சரிசெய்யலாம் என்று அவளையே கேளுங்கள். இழுத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைப்பதைவிட, மறுநாள் விளையாட்டில் அந்தக் குழந்தைக்கு இடம் கொடுப்பது நீடிக்கும். அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் நீங்கள் நேரில் பேசுங்கள், காரணங்களை அடுக்காமல். அவர்கள் 11-ஆம் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்.

13. நாங்களே இந்த அவமானங்களைப் பட்டவர்கள். அதைக் குழந்தையிடம் சொன்னால் பிஞ்சு மனத்தில் நஞ்சைக் கலப்பதாகாதா?

எதைச் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தன் மொழி, தன் முன்னோர், தன் குடும்பக் கதைகள் பற்றிய பெருமிதத்தோடு வளரும் குழந்தைகள் பாகுபாட்டைத் தாங்கும் வலிமையுடன் இருப்பதாகவும், “யாரையும் நம்பாதே, அவர்கள் எல்லாம் அப்படித்தான்” என்று எச்சரித்தே வளர்க்கப்படும் குழந்தைகளுக்கு அது நன்மை செய்வதில்லை என்றும் ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. எனவே உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள், மூன்று விவரங்களோடு: என்ன நடந்தது, யார் உங்களுக்குத் துணை நின்றார்கள், நீங்கள் பிறகு என்ன செய்தீர்கள். இன்னும் ஆறாத காயமாக இருந்தால் இப்போது வேண்டாம். கதையைச் சொல்லும்போது உங்களைத் தேற்றும் வேலை குழந்தைக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் அளவுகோல்.

14. அடிமை வணிகம், படுகொலைகள் இவற்றையெல்லாம் எந்த வயதில் சொல்வது?

ஆறு வயதுக்குள் வன்முறைப் படங்களும் விவரங்களும் வேண்டாம்; நியாயமற்ற விதிகள் இருந்தன, மக்கள் சேர்ந்து மாற்றினார்கள் என்பது போதும். ஏழு, எட்டு வயதில் சட்டங்களைப் பற்றிச் சொல்லலாம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21 இனப்பாகுபாடு ஒழிப்புக்கான உலக நாள் என்று அனுசரிக்கப்படுகிறது. 1960-இல் அதே நாளில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில், அனுமதிச் சீட்டுச் சட்டங்களை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். கறுப்பின மக்கள் நடமாடவே சீட்டு வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எட்டு வயதுக் குழந்தை புரிந்துகொள்ளும். உயிரிழப்பை ஒரே வாக்கியத்தில், மறைக்காமல், விரிக்காமல் சொல்லலாம். 1994-இல் அங்கே எல்லோரும் வாக்களித்தார்கள் என்பதையும் அதே அமர்வில் சொல்லிவிடுங்கள். குழந்தையைத் துயரத்தின் நடுவே நிறுத்திவிட்டுத் தூங்கப் போகச் சொல்வது சரியன்று.

இது பழங்கதை என்று அவர்கள் எண்ணாமலிருக்க ஒரு வழி உண்டு. ரூபி பிரிட்ஜஸ் 1954-இல் பிறந்தவர். “உன் பாட்டி எந்த ஆண்டு பிறந்தார், கேட்டுவிட்டு வா” என்று அனுப்புங்கள்.

15. அவனுக்கு மிகவும் பிடித்த மாமா ஒரு நாள் இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். “மாமா கெட்டவரா?” என்று கேட்கிறான். இதற்கு என்ன பதில்?

“மாமா செய்தது கெட்ட செயல்” என்பதே நேர்மையான பதில். நல்லவர், கெட்டவர் என்று மனிதர்களை இரண்டு பெட்டிகளில் போடும் வயது இது. நாமும் அந்தப் பெட்டியைப் பயன்படுத்தினால், பிடித்தவர்கள் செய்யும் பாகுபாடு அவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மாமா நல்லவர், ஆகவே அவர் சொன்னது தவறாக இருக்க முடியாது என்று கணக்குப் போட்டுவிடுவான். 7-ஆம் பதிலில் சொன்ன அமைதியான பாகுபாட்டைச் செய்பவர்கள் பெரும்பாலும் யாருக்கோ பிடித்த மாமாக்கள்தாம். மாமாவிடம் நீங்கள் பேசுங்கள், பேசியதை மகனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

16. ஒளிக்காமல் கேட்கிறேன். சில கூட்டத்தாரைப் பார்த்தால் எனக்கே உள்ளூர ஒரு விலகல் வருகிறது. நான் எந்த முகத்தோடு பிள்ளைக்குச் சொல்வது?

கேட்டதற்கு நன்றி. குழந்தை நீங்கள் சொல்வதைவிட உங்கள் உடலைப் படிக்கும்: யார் அருகில் வந்தால் பையை இறுக்கிக்கொள்கிறீர்கள், யார் பக்கத்து இருக்கையில் அமராமல் நிற்கிறீர்கள், யாரெல்லாம் உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த விலகல் ஒரே நாளில் போகாது. ஆனால் அது வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு தந்தை என்னிடம் சொன்னது: தெருவில் எதிரே வந்த ஒருவரைப் பார்த்ததும், தான் அறியாமலே மகளின் கையைப் பிடித்து மறுபக்கம் கடந்துவிட்டாராம். “ஏன்பா இந்தப் பக்கம் வந்தோம்?” என்று மகள் கேட்டிருக்கிறாள். வெயில் என்று சொல்லிச் சமாளித்தார். இரவு முழுவதும் அது உறுத்தவே, மறுநாள் காலை தலை வாரிவிடும்போது, “நேற்று நான் வெயிலுக்காகக் கடக்கவில்லை. அந்த ஆளைப் பார்த்து, காரணமே இல்லாமல் பயந்துவிட்டேன். அவர் நம்மை ஒன்றும் செய்யவில்லை. நான் செய்தது தப்பு” என்று சொன்னாராம். மகள் சிறிது யோசித்துவிட்டு, “அவருக்குத் தெரிந்திருக்குமாப்பா?” என்று கேட்டாளாம். தெரிந்திருக்கும் என்று அவர் பதில் சொன்னார்.